ஆரம்பகால அமெரிக்கத் தங்க நாணயங்கள் (1795–1834): சேர்ப்பது, சோதிப்பது, மதிப்பிடுவது – முழுமையான வழிகாட்டி

1806ஆம் ஆண்டு பொறித்த ஓர் ஐந்து டாலர் தங்க நாணயத்தில் இருக்கும் சுத்தத் தங்கம் 8 கிராம். நம் கணக்கில் ஒரு சவரன் எடை. ஆனால் சந்தையில் அந்த நாணயம் தன் தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்குக்குப் போகிறது. அந்த மிச்சப் பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் வாங்க இறங்குகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இரண்டு விஷயங்களுக்காகக் கொடுக்கிறோம்: அது எந்த அச்சில் பிறந்தது, அதன் மேல்பரப்பை யாராவது தொட்டுக் கெடுத்திருக்கிறார்களா. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதற்கான வழிதான்.

ஏன் 1834 எல்லை?

1792 ஏப்ரல் 2ஆம் தேதிச் சட்டம் அமெரிக்காவுக்கு நாணயச்சாலையைக் கொடுத்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 1க்கு 15 என்று விகிதமும் வைத்தது. ஐரோப்பியச் சந்தையிலோ அது 15.5ஐ ஒட்டி இருந்தது. அமெரிக்காவில் 15 அவுன்ஸ் வெள்ளி கொடுத்து ஓர் அவுன்ஸ் தங்கம் வாங்கி, கப்பலேற்றி அங்கே விற்றால் அரை அவுன்ஸ் வெள்ளி லாபம். வியாபாரிகள் அதைத்தான் செய்தார்கள். பொறித்த நாணயம் புழக்கத்துக்கு வருவதற்குள் மூட்டையாகக் கடல் கடந்து உருக்கு மூசைக்குப் போனது. பத்து டாலர் நாணயத்தை 1804உடன் நிறுத்தியவர்கள் 1838இல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

1834 ஜூன் 28ஆம் தேதிச் சட்டம் எடையைக் குறைத்தது. ஐந்து டாலர் நாணயம் 8.75 கிராமிலிருந்து 8.36 கிராமாகி, சுத்தமும் குறைந்தது. பழைய நாணயத்தில் புதியதைவிட ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுதல் தங்கம். மிஞ்சியிருந்தவையும் உருகத் தொடங்கின. 1822 ஐந்து டாலரில் 17,796 நாணயங்கள் பொறிக்கப்பட்டதாகக் கணக்கு சொல்கிறது. இன்று தெரிந்தவை மூன்றே. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தனியார் கையில் இருந்த மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எத்தனை பொறித்தார்கள் என்பதை வைத்து அபூர்வத்தை முடிவு செய்யக் கூடாது, எத்தனை பிழைத்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நல்ல எஃகு அச்சு அன்று கிடைப்பது அரிது. பழைய ஆண்டு பொறித்த அச்சையும் தூக்கிப் போடாமல் பயன்படுத்தினார்கள். மார்பில் கேடயம் தாங்கிய கழுகைப் பின்பக்கம் கொண்ட 1795 ஐந்து டாலர்கள் உண்மையில் சில ஆண்டுகள் கழித்துப் பொறிக்கப்பட்டவை. எனவே ஆண்டுவாரி உற்பத்திக் கணக்கை நாணயத்தில் உள்ள ஆண்டோடு அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள்.

படி 1: மூன்று மதிப்புகள், 12 வகைகள்

எல்லாமே 22 கேரட், அதாவது 12இல் 11 பங்கு தங்கம். மீதி வெள்ளியும் செம்பும். மூலச் சட்டப்படியான எடைகள் இவை:

- ஈகிள், 10 டாலர்: 17.50 கிராம், விட்டம் சுமார் 33 மி.மீ.
- ஹாஃப் ஈகிள், 5 டாலர்: 8.75 கிராம், சுமார் 25 மி.மீ.
- குவார்ட்டர் ஈகிள், 2.50 டாலர்: 4.37 கிராம், சுமார் 20 மி.மீ.

1829இல் கடைசி இரண்டின் விட்டத்தையும் கொஞ்சம் சுருக்கினார்கள், எடை மாறவில்லை.

ஈகிளில் இரண்டு வகை. 1795–97இல் சிறிய கழுகு: அலகில் மாலையோடு பனங்கிளை மேல் நிற்கும். 1797–1804இல் கேடயக் கழுகு: மார்பில் கேடயம், தலைக்கு மேல் மேகமும் நட்சத்திரங்களும். ஹாஃப் ஈகிளில் ஐந்து வகை: சிறிய கழுகு, கேடயக் கழுகு, 1807–12இல் ஜான் ரைக் வடித்த இடப்பக்கம் பார்க்கும் மார்பளவுச் சுதந்திர தேவி, 1813இலிருந்து தலை மட்டும், 1829இலிருந்து அதே தலை குறுகிய விட்டத்தில். குவார்ட்டர் ஈகிளிலும் ஐந்து: நட்சத்திரமே இல்லாத 1796, நட்சத்திரம் உள்ள 1796–1807, தன்னந்தனி 1808, 1821–27, 1829–34. நட்சத்திரமில்லா 1796இல் பொறித்தது 963தான். 1808 ஒரே ஆண்டு வகை, 2,710 நாணயங்கள். பன்னிரண்டு வகையையும் சேர்க்க நினைப்பவரின் பட்ஜெட்டைத் தின்பவை இந்த இரண்டும்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் 1800–1807 கேடயக் கழுகு ஹாஃப் ஈகிளையோ 1807–1812 மார்பளவு வகையையோ வாங்குவது நல்லது. ஓரளவு எண்ணிக்கையில் கிடைக்கின்றன, ஏலப் பதிவுகளும் நிறைய உண்டு, விலையை ஒப்பிட முடியும். அடுத்து 1813, தலை மட்டும் உள்ள வகையில் எளிதாகக் கிடைப்பது அதுதான். ஈகிள் வேண்டுமென்றால் 1799 அல்லது 1801. சிறிய கழுகு வகைக்கு அவசரமே வேண்டாம். நாலைந்து நாணயம் கண்ணும் கையும் பழகிய பிறகு வாங்குங்கள்.

1834இல் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய எடை நாணயம், புதிய எடை நாணயம் இரண்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும். பின்பக்கத்தில் கழுகுக்கு மேல் 'இ ப்ளூரிபஸ் யூனம்' என்ற வாசகப் பட்டை இருந்தால் பழையது, இல்லாவிட்டால் புதியது. பழைய 1834 குவார்ட்டர் ஈகிள் பொறித்தது 4,000. புதிய 1834 ஹாஃப் ஈகிளோ ஆறரை லட்சத்துக்கும் மேல். பட்டையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

இக்காலத் தங்கம் முழுக்கப் பிலடெல்ஃபியாவில் பொறித்தது. நாணயச்சாலை எழுத்து எதிலும் கிடையாது. மற்ற ஊர்க் கிளைகள் 1838இல்தான் வேலையைத் தொடங்கின. 1834க்கு முந்தைய ஆண்டும் ஊர் எழுத்தும் சேர்ந்திருந்தால் அது போலி.

படி 2: அச்சைக் கண்டுபிடிப்பது

இதைப் பலர் நிபுணர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முழு வழிகாட்டியிலும் அதிகப் பலன் தரும் படி இதுதான். அந்நாளில் நட்சத்திரம், எழுத்து, எண் ஒவ்வொன்றையும் தனித்தனி உளியால் கையாலேயே அச்சில் அடித்தார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் பாஸ்–டான்ராய்தர் எண் உண்டு. ஏலப் பட்டியல்களில் 'பிடி' (BD) என்று வரும். இந்த எண்ணைக் கண்டுபிடித்தால் அபூர்வமும் தெரியும், போலியும் பெரும்பாலும் பிடிபடும். தெரிந்த எந்த இணையோடும் பொருந்தாத நாணயம் புதுக் கண்டுபிடிப்பாக இருப்பதைவிடப் போலியாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இடப்புற நட்சத்திரம் எத்தனை, வலப்புறம் எத்தனை என்று எண்ணுங்கள். 1795இல் 15 நட்சத்திரம். 1796இல் டென்னசி சேர்ந்ததும் 16 ஆனது. பிறகு மாநிலம் கூடக்கூட நட்சத்திரம் கூட்டுவது நடக்காது என்று 13க்குத் திரும்பினார்கள். 1798 என்பதை 1797 மேல் அடித்த ஈகிளில் 9+4 ஒரு வகை, 7+6 இன்னொரு வகை; இரண்டுமே ஆயிரத்துக்குக் குறைவாகப் பொறித்தவை.

அடுத்து ஆண்டின் எண்கள். 1802 ஹாஃப் ஈகிள் எல்லாமே 1இன் மேல் 2 அடித்தவை. 1803 எல்லாமே 2இன் மேல் 3. விற்பவர் இதை அபூர்வம் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். 1806இல் 6இன் தலை கூர்மையா உருண்டையா என்று பாருங்கள்: கூர்மை என்றால் நட்சத்திரம் 8+5, உருண்டை என்றால் 7+6. 1810இல் ஆண்டு எண் பெரிது சிறிது, மதிப்பு எண் 5 பெரிது சிறிது என நாலு சேர்க்கை. பெரிய ஆண்டும் பெரிய 5உம் சாதாரணம். சிறிய 5 இருந்தால், ஆண்டு எப்படி இருந்தாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 1795 ஈகிளில் பனங்கிளையின் இலைகளை எண்ணுங்கள்: 13 வழக்கமானது, 9 அபூர்வம்.

பிறகு கடைசி நட்சத்திரம் தேவியின் மார்புக்கு எவ்வளவு நெருக்கம், பின்பக்க எழுத்துகள் சிறகு நுனியின் எந்த இடத்துக்கு நேராக வருகின்றன, அச்சில் விரிசல் எங்கே ஓடுகிறது என்பவற்றை ஏல நிறுவனங்களின் பெரிய படங்களோடு ஒப்பிடுங்கள்.

படி 3: எடையும் அடர்த்தியும்

சான்றிதழ் நிறுவனத்தின் பெட்டிக்குள் (படி 5) அடைக்காத நாணயம் என்றால் மட்டும் இந்தப் படி. 0.01 கிராம் தராசில் எடை பாருங்கள். தேய்மானத்தால் ஓரிரு சதவீதம் குறையலாம். குறிப்பிட்ட எடைக்கு மேல் தெளிவாகக் கூடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடர்த்திக்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். சிறு கோப்பையில் காய்ச்சி வடித்த நீரைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நைலான் நூல் சுருக்கில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது இடம்பெயர்ந்த நீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுங்கள். 8.72 கிராம் நாணயம் 0.493 காட்டினால் 17.69. இந்தக் கலவைக்கு வெள்ளி, செம்பின் பங்கைப் பொறுத்து 17.6 முதல் 18 வரை வர வேண்டும். 0.01 தராசு இதற்கு ஏன் உதவாது என்றால், 0.49க்கும் 0.50க்கும் இடையில் விடை 17.80இலிருந்து 17.44க்குத் தாவிவிடும். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைவாக வரும். மெதுவாக ஆட்டிக் குமிழியை விடுவித்து மறுபடி பாருங்கள்.

சரியான தங்கத்திலேயே செய்த போலிகள் உண்டு. எனவே இந்தச் சோதனையில் தோற்றால் போலி. தேறினால் அசல் என்று அர்த்தமில்லை.

நகைக்கடைக்கு எடுத்துப் போய் உரைகல்லில் உரசவே கூடாது. தங்கம் சில மில்லிகிராம்தான் போகும். மதிப்பு பல ஆயிரம் டாலர் போகும். கேரட் மீட்டர் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம், அது கீறாது. ஆனால் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும்.

படி 4: மேல்பரப்பைப் படிப்பது

ஒற்றை விளக்கு, 5 மடங்கு பெருக்கும் லென்ஸ், அடியில் மெத்தென்ற துணி. விளிம்பில் மட்டும் பிடித்து, ஒளி நாணயத்தின் மேல் சுற்றி வரும்படி சாய்த்துக்கொண்டே இருங்கள். குழல் விளக்கில் எதுவும் தெரியாது.

தொடப்படாத பழந்தங்கத்துக்கு ஓர் அடர்த்தி உண்டு: சிலவற்றில் பச்சை சாயல் மஞ்சள், சிலவற்றில் செம்மை ஓடிய மஞ்சள், எழுத்துகளின் இடுக்கில் லேசான அழுக்கு. துடைத்த நாணயம் வெளிறிப் பித்தளை போல் மின்னும். சாய்க்கும்போது ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஒரேயடியாகப் பளிச்சென்று எழும். உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடங்களில் மங்கலான படலம் தெரிந்தால் கீறலை மறைக்க ஏதோ பூசியிருக்கிறார்கள்.

குறுக்குக் கோடுகளைப் பார்த்ததும் கீறல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அன்று எடை கூடிய வெற்றுத் தங்க வில்லையை அரத்தால் ராவிச் சரியாக்கிய பிறகுதான் பொறித்தார்கள். அந்த அரத் தடம் பல நாணயங்களில் இன்றும் இருக்கிறது. வேறுபாடு காண்பது இப்படி: அரத் தடம் பொறிப்பதற்கு முந்தியது. சமதளத்தில் அச்சு அழுத்தி அதை அழித்திருக்கும். அச்சு முழுதாக நிரம்பாத இடங்களில், அதாவது நடுமுடி, கேடயத்தின் மையம், விளிம்புப் பற்கள் ஆகியவற்றில்தான் மிஞ்சும். கோடுகள் இணையாக, கரை மழுங்கி இருக்கும். பின்னால் விழுந்த கீறல் சமதளத்தில்தான் நன்றாகத் தெரியும். எழுத்தின் தலையையும் அறுத்துக்கொண்டு போகும். லென்ஸில் அதன் இரு கரையிலும் உலோகம் மேடாகப் பிதுங்கி நிற்கும். மிதமான அரத் தடத்துக்குத் தரக்குறைப்பு பெரிதாக இருக்காது. ஆனால் தேவியின் முகத்தில் ஓடினால் விற்கும்போது கஷ்டம்.

அதேபோல் நடுவில் மங்கலாக இருப்பதெல்லாம் தேய்மானம் அல்ல. முன்பக்க முடியும் பின்பக்கக் கேடயமும் நேருக்கு நேர் வருவதால் உலோகம் இரண்டையும் நிரப்பப் போதாமல் போவதுண்டு. மங்கிய இடத்திலும் அசல் மினுமினுப்பு சுழன்றால் அது பலவீனமான பொறிப்பு. மினுமினுப்பு அறுந்து மந்தமாக இருந்தால் தேய்மானம். தேய்மானம் முதலில் தெரிவது தொப்பியின் மேல் மடிப்பு, காதுக்கு மேல் முடி, சிறகுகளின் மேல் விளிம்பு ஆகியவற்றில்.

விளிம்பைத் தனியாகப் பாருங்கள். இந்த நாணயங்களில் பலவற்றைப் பதக்கமாக அணிந்திருக்கிறார்கள். வளையம் பற்றவைப்பது வழக்கமாகத் தலைக்கு நேர் மேலே, 12 மணி இடத்தில். அங்கே விளிம்பு வரிகள் அறுந்தோ, ராவிச் சமமாகவோ, நிறம் மாறியோ இருந்தால் வளையத்தை எடுத்திருக்கிறார்கள். துளையிட்டு அடைத்த நாணயத்தில் அடைத்த இடத்தின் எழுத்து அல்லது நட்சத்திரம் கையால் மறுபடி செதுக்கியதுபோல் கோணலாக இருக்கும்.

போலியின் அடையாளங்கள்: விளிம்பை நோக்கி எழுத்திலிருந்து நீளும் முள் போன்ற கோடு, சோப்புக்கட்டி போல வழுக்கும் வெற்றிடம், இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவப் பள்ளம். கடைசியாகச் சொன்னது தவறவே தவறாது; பள்ளம் அசலில் விபத்தாக விழுந்தது, அதிலிருந்து அச்செடுத்தவர் பள்ளத்தையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்.

படி 5: தரமும் சான்றிதழும்

தரம் 1 முதல் 70 வரை. பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் நாணயத்தைச் சோதித்து, கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்து, எண் கொடுக்கின்றன. புதியவர் பெட்டியில் இல்லாத ஆரம்பகாலத் தங்கத்தை வாங்கவே வேண்டாம். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். எனவே சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தில் ஒரு சிறு தழும்பைத் தேர்ந்து, கையிலுள்ள நாணயத்தில் அதே இடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். படம் இல்லாவிட்டால் பழைய ஏலப் படத்தைத் தேடுங்கள்.

எண்ணுக்குப் பதில் 'டீடெயில்ஸ்' என்று எழுதியிருந்தால், கழுவியது, பழுது பார்த்தது, நகையாக இருந்தது போன்ற குறை உண்டு. வகை ஒன்று போதும் என்பவருக்கு இவை மலிவான வழி. ஆனால் விற்கும்போதும் அதே மலிவு விலைதான். சிஏசி நிறுவனத்தின் பச்சை ஒட்டி, அந்தத் தரத்துக்கு நாணயம் உறுதியாக நிற்கிறது என்று சொல்கிறது. பொன்னிற ஒட்டி, தரம் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்கிறது.

எங்கள் கணிப்பில் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்யும் இடம் ஏயூ (கிட்டத்தட்டப் புழங்காதது) 53 முதல் 58 வரை. முழு உருவமும் இருக்கும், மினுமினுப்பும் மிஞ்சியிருக்கும். துடைத்துப் பளபளப்பாக்கிய எம்எஸ் (புழங்காதது) 61ஐவிடத் தோல் கெடாத ஏயூ 55 எத்தனையோ மேல்.

படி 6: விலை போடுவது

தங்க மதிப்பை முதலில் கணக்கிட்டு ஒதுக்கி வையுங்கள். ஹாஃப் ஈகிளில் 0.258 அவுன்ஸ், அவுன்ஸ் 3,000 டாலர் என்றால் 774 டாலர். அது தரைமட்டம், அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

பிறகு ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் ஆகியவற்றின் பழைய ஏல முடிவுகளில், அதே வகை, அதே அச்சு இணை, அதே தரம் கொண்டவற்றைக் கடைசி மூன்று, நாலு ஆண்டுகளுக்கு எடுங்கள். விலைப்பட்டியல்கள் சில்லறை ஆசையைச் சொல்லும். ஏலமோ கொடுத்த பணத்தைச் சொல்லும். ஒவ்வொரு முடிவின் படத்தையும் திறந்து பாருங்கள். வெளிறியவை, முகத்தில் அடிபட்டவை, சிஏசி ஒட்டியால் விலை ஏறியவை ஆகியவற்றைத் தனியாகப் பிரியுங்கள்.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். உருண்டைத் தலை 6 உள்ள 1806, ஏயூ 55. ஐந்து முடிவுகள் கிடைத்தன என்று வைப்போம்: 9,000, 10,200, 10,800, 11,000, 13,800. முதலாவது வெளிறியது, கடைசியில் பச்சை ஒட்டி. உங்களுடையது ஒட்டியில்லாத, நல்ல தோல் உள்ள நாணயம் என்றால் நடு மூன்றின் சராசரியான 10,700ஐ ஒட்டித்தான் மதிப்பு. ஐந்தையும் கூட்டி வகுத்திருந்தால் 10,960 வரும். அதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு நாணயங்கள் கலந்திருக்கும்.

அந்த ஏல முடிவுகளில் வாங்குவோர் கட்டணம் சேர்ந்தே இருக்கும். அது 20 சதவீதம் என்றால், 10,700க்கு மேல் கொடுக்க மனமில்லாதவர் கேட்க வேண்டிய உச்ச விலை 10,700ஐ 1.2ஆல் வகுத்தால் வரும் 8,900 சொச்சம். இந்தக் கணக்கை ஏலத்துக்கு முந்திய நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏல வேகத்தில் யாருக்கும் வகுத்தல் வராது. கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பே விதிமுறையைப் படியுங்கள்.

மிக அபூர்வமான அச்சு இணைகளில் எச்சரிக்கை: ஆண்டே அபூர்வம் என்றால் எல்லோரும் பணம் கொடுப்பார்கள். அச்சு இணை மட்டும் அபூர்வம் என்றால் அதைத் தேடுபவர் நாலைந்து பேர்தான்; அவர்களில் இருவர் ஏலத்துக்கு வராவிட்டால் கூடுதல் விலை காணாமல் போகும்.

படி 7: வைத்திருப்பது, விற்பது

பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பிசுக்கு படியும். படிந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனை ஊற்றி, ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில், நாணயத்தைச் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் அலசி, தானாக உலரவிடுங்கள். தேய்க்கவே கூடாது. இதைத் தாண்டி எதையும் வீட்டில் செய்யாதீர்கள். புளி, பற்பசை, வெள்ளி மெருகு எல்லாமே நாணயத்தைக் கொல்லும். தங்கம் துருப்பிடிக்காது என்றாலும் கலவையிலுள்ள செம்பு ஈரத்தில் செம்புள்ளியாகும். பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பை போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் வீட்டுக் காப்பீட்டை நம்பி இருக்க வேண்டாம். நாணயத்துக்கு அதில் மிகச் சிறிய வரம்புதான் இருக்கும், தனிப் பாலிசி தேவை. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் வரும் லாபத்துக்கு அங்கே சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் 28 சதவீதம் வரை வரி உண்டு, எனவே வாங்கிய ரசீது முக்கியம். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் சுங்க விஷயத்தை முன்பே விசாரியுங்கள். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வரையறைக்குள் வருவதால், பின்னால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புவது சுலபமாக இருக்காது.

விற்க முடிவு செய்தால் குறைந்தது இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். ஏல நிறுவனத்துக்குக் கொடுப்பதானால், விற்பனைக்கு மூன்று நாலு மாதம் முன்பே அனுப்ப வேண்டியிருக்கும். விலை உயர்ந்த நாணயத்துக்கு விற்பவர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் இசைவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அச்சு இணை எண் பட்டியலில் வருமா, படம் எத்தனை, நாணயத்தின் பழைய உரிமையாளர் வரலாறு அச்சாகுமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.